மரத்தின் மேல் சாய்ந்த வீடு

ஆபத்தான மரங்களை அடையாளம் காண்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போகும் வண்டியை, எங்கள் தெருவிலேயே ஆபத்தான மரத்தின் நிழலில்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வெயில் தாழும்வரை அது அங்கேயே நிற்கும். ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் சாய்த்துப் போட்டுத் தூங்குவார். கூரைமேல் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி மட்டும் தூங்காது.

"பொதுமக்களே, கவனியுங்கள்! உங்கள் வீட்டருகே உள்ள மரம் நலமாக இருக்கிறதா? அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா? தண்டில் ஆழமான பிளவு தெரிகிறதா? உச்சிக் கிளைகள் இலையில்லாமல் மொட்டையாக நிற்கின்றனவா? மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கம் மண் மேலெழும்பியிருக்கிறதா? தாமதிக்காதீர்கள்! உடனே மரநலத் துறையை அணுகுங்கள்!"

நான் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். காளானா? இருந்தது. தட்டுத்தட்டாக, அடிமரத்தைச் சுற்றி அலமாரி அடித்ததுபோல. பிளவா? என் மனைவி கையை விட்டுப் பார்த்தாள், முழங்கை வரைக்கும் போயிற்று. உச்சிக் கிளையா? காக்காகூட அதில் உட்காருவதை நிறுத்திவிட்டது. சாய்வா? நேராக என் தலைக்கு மேலே. மண்ணா? தெருப்பக்கம் நடைபாதைக் கல்லையே தூக்கிவிட்டிருந்தது. அந்த மேட்டின் மேல்தான் விழிப்புணர்வு வண்டியின் முன்சக்கரம் தினமும் ஏறி நிற்கும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பஸ் ஓட்டுகிறவன். மலைப்பாதையில், கொட்டும் மழையில், பிரேக் பிடிக்காத வண்டியில் எல்லாம் ஓட்டியிருக்கிறேன். ஒரு கீறல் பட்டதில்லை. கடைசியில் என் வீட்டுக் குளியலறையில் ஒரு சோப்புத் துண்டு என்னை வாரிவிட்டது. எலும்பு டாக்டர் இடுப்பில் தகடு வைத்துத் திருகி, "மூணு மாசத்துக்கு அசையக்கூடாது. அசைஞ்சீங்கன்னா மறுபடியும் கத்திதான்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வீடு என்றால் ஒரு முன்னறை, ஒரு சமையலறை. கட்டில் முன்னறையில் ஜன்னலோரம். சமையலறை வாசல் கட்டிலைவிடக் குறுகல். மச்சினன் வந்து தங்கச் சொன்னான்தான். அவன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆக, மரம் விழுந்தால் தெருவில் போகிறவர்கள் ஓடலாம், என் மனைவி ஓடலாம், பூனைகூட ஓடலாம். நான் மட்டும் படுத்துக்கொண்டே அதை வரவேற்க வேண்டும்.

தெருவோர மரம் துறையின் சொத்து. அதன் ஒரு சுள்ளியை ஒடித்தாலும் வழக்கு. மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் வந்து அண்ணாந்து பார்த்தார், என்னைக் குனிந்து பார்த்தார், உச்சுக் கொட்டினார். "துறை மரத்துல கை வைக்க நம்மால ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் மனைவி தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறாள். அளவெடுத்துச் சொன்னால் சொன்னபடி வெட்டி, வெட்டியபடி தைத்துக் கொடுப்பவள். அதனால் மற்றவர்களும் சொன்னதைச் செய்வார்கள் என்று நம்புகிறவள். ஒலிபெருக்கி அணுகச் சொன்னது, அவள் அணுகினாள். முதலில் வண்டி ஓட்டுநரைத் தட்டி எழுப்பினாள்.

"ஏம்ப்பா, நீங்க சொல்ற அத்தனை அடையாளமும் இந்த மரத்துல இருக்கே!"

"நான் எங்கம்மா சொன்னேன்? அது பதிவு பண்ணி வெச்ச குரல். ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க."

"விழற மரத்துக்கு அடியிலயே நிறுத்தியிருக்கீங்களே?"

"இங்கதாம்மா நல்ல நிழல்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் சாய்ந்துகொண்டார்.

மரநலத் துறை அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்து அவள் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. அந்த வளாகத்தில் ஒரு மரம்கூட இல்லையாம். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் எப்போதோ எடுத்துவிட்டார்களாம். உள்ளே தாழ்வாரம் முழுக்கத் தொட்டிகளில் பிளாஸ்டிக் செடி. ஒவ்வோர் இலையாக ஈரத்துணியால் துடைக்கத் தனியாக ஓர் ஆள்.

அங்கே உதவி அலுவலர் ஒருவர் இவளிடம் பேசினார். பிறகு அவர் எங்கள் தெருவுக்கு அடிக்கடி வந்து போனதில், நான் அவருக்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்தேன். பஸ்ஸின் மாற்றுச் சக்கரம்போல எப்போதும் யாராவது ஒருவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டே வருவார், தானாக உருண்டு நான் பார்த்ததில்லை.

"இந்த அடையாளமெல்லாம் உங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டாராம் ஸ்டெப்னி.

"உங்க வண்டியிலதான் சார் சொல்றாங்க."

"அது விழிப்புணர்வு. ஜனங்க விழிச்சுக்கணும், அவ்வளவுதான். விழிச்சுக்கிட்டு நேரா இங்க கிளம்பி வந்துட்டா, நாங்க எப்ப வேலை பார்க்கறது?"

"அடியில காளான் முளைச்சிருக்கு சார்."

"மண்ணு வளமா இருக்குன்னு அர்த்தம். சந்தோஷப்படுங்க."

"உள்ளே தட்டினா டொக்கு டொக்குங்குது சார். பொந்து."

"பறவைங்க எங்கே போய் இருக்கும்? அதுங்களுக்கும் ஒரு வீடு வேணாமா?"

"உச்சியில இலையே இல்லை சார்."

இந்த இடத்தில் ஸ்டெப்னி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருக்கிறார். "உங்க வீட்டுக்காரருக்குத் தலையில முடி இருக்காம்மா?"

"கொஞ்சம் கம்மிதான் சார்."

"அவரை வெட்டிடலாமா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்களாம். பிளாஸ்டிக் இலை துடைக்கிறவரும் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாராம். இவளும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கு வந்தது அழுகை இல்லை. படுத்துக்கொண்டு கோபப்படுவது எவ்வளவு சிரமம் என்று படுத்தவனுக்குத்தான் தெரியும். கையை ஓங்கினால் இடுப்பில் குத்துகிறது.

சாய்வு மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம், அதைப் படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சில வாரங்கள் கழித்துத் துறையின் படக்காரர் வந்தார். ஸ்டெப்னியும் பின்னாலேயே வந்தார்.

இந்தத் துறையின் வழக்கம் ஒன்றை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். துறையின் படங்களில் மரம் நேராக நிற்க வேண்டும். கோணலாக எடுத்த படம் மேலே போனால், ஒழுங்காகக் கேமரா பிடிக்கத் தெரியாதவன் என்று படக்காரருக்குத் திட்டு விழும். அதனால் அவர் மரத்தின் முன்னால் நின்று முதலில் தலையைச் சாய்த்தார். பிறகு தோளைச் சாய்த்தார். அதுவும் போதாமல் ஒரு காலைத் தூக்கி, ஸ்டெப்னியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கேமராவை மரத்துக்குச் சமமாகச் சரித்துப் பிடித்து எடுத்தார். படம் பிரமாதமாக வந்தது. மரம் கம்பம் நட்டதுபோல நேராக நின்றது. பக்கத்தில் எங்கள் வீடு அதன்மேல் சரிந்து கிடந்தது.

ஸ்டெப்னி படத்தைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ! உங்க வீடு மரத்துமேல சாயுதேம்மா!"

"சார், கண்ணைத் திறந்து நேராப் பாருங்க. மரம்தான் வீட்டுமேல சாஞ்சிருக்கு."

"கண்ணு ஏமாத்தும்மா. படம் ஏமாத்தாது."

நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். "சார்! படத்துல தெருவிளக்குக் கம்பம் எப்படி இருக்கு?"

அவர் பார்த்தார். "அதுவும் சாஞ்சுதான் இருக்கு."

"எதிர்வீடு?"

"அதுவும்."

"உங்க வண்டி?"

படத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஸ்டெப்னி பெருமூச்சு விட்டார். "தெருவே சாஞ்சு கிடக்கு சார். ரோடு போட்டவங்க பண்ணின வேலை. அது வேற துறை, நாங்க தலையிட முடியாது. ஆனா மரத்துக்கு ஒரு ஆபத்துன்னு தெரிஞ்சப்புறம் நாங்க சும்மா இருக்க மாட்டோம்."

சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரிந்து மரநலத் துறை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அந்த ஒரு தடவைதான். இரண்டாம் நாளே ஏணியும் ஆட்களுமாக வந்து இறங்கினார்கள். சாயும் வீட்டின் தலைப்பாரத்தைக் குறைக்க வேண்டும் என்றார்கள். பீரோவைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்தார்கள். தையல் மிஷினைச் சமையலறைக்குள் தள்ளினார்கள். அதன்பின் அங்கே ஒருவர் பக்கவாட்டில் நடந்துதான் அடுப்புக்குப் போக முடிந்தது. பிறகு எல்லோரும் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"இவரு?" என்று ஓர் ஆள் கேட்டான்.

"டாக்டர் அசைக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றாள் என் மனைவி.

ஸ்டெப்னி கண்ணை மூடி யோசித்தார். "பாவம், இருக்கட்டும். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கில்ல. கூரையை மட்டும் கழட்டுங்க."

கழற்றினார்கள். என் மனைவி ஏணியைப் பிடித்து ஆட்டினாள், தெரு கூடும்படி கத்தினாள், கையிலிருந்த கத்தரிக்கோலைக் காட்டி மிரட்டினாள். கூரைத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வெளியே போயின. தூசியெல்லாம் என் வாயில் விழுந்தது. கடைசித் தகடு போனதும் நான் மேலே பார்த்தேன். அதுவரை ஜன்னல் அளவுக்குத் தெரிந்த மரம் இப்போது முழுதாகத் தெரிந்தது. மொட்டைக் கிளைகள், பிளவு, பொந்து, எல்லாம் என் நெஞ்சுக்கு மேலே. நான் பயந்தேன். பஸ் ஓட்டின காலத்தில் நான் பயந்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். அன்றைக்குப் பயந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மச்சினன் வந்து தார்ப்பாய் கட்டினான். மறுநாள் துறை ஆள் வந்து அவிழ்த்துவிட்டான். மழைத் தண்ணீர் தேங்கினால் பாரம் ஏறுமாம். என் மனைவி இரண்டு குடைகளைக் கட்டிலின் தலைமாட்டில் கட்டினாள். மழை பெய்தால் எனக்கு முகம் மட்டும் நனையாது.

ஒரு நாள் மத்தியானம் காற்றுகூட இல்லாத நேரத்தில் மொட்டைக் கிளை ஒன்று முறிந்து கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. என் கை பருமன் இருக்கும். கட்டில் சட்டம் பிளந்தது. என் காலுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி.  என் மனைவி கிளையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நேராகத் துறை அலுவலகத்துக்கு நடந்தாள். பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். ஸ்டெப்னியின் மேஜைமேல் அதைப் போட்டிருக்கிறாள்.

"இது துறைச் சொத்தாச்சேம்மா! எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

"என் புருஷன் கட்டில்மேல விழுந்துச்சு சார். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா கால் போயிருக்கும்."

"மரம் தன் கிளையைக் கீழே போடறது இயற்கை. அந்த இடத்துல கட்டிலைப் போடறதுதான் செயற்கை. இந்தத் தடவை எச்சரிக்கையோட விட்டுடறேன்."

கிளையை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அதைச் செதுக்கிப் பளபளப்பாக்கி, துறை இயக்குநரின் அறைக்குத் தொப்பி மாட்டும் கம்பமாக வைத்திருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அவள் அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் எங்கள் மரத்தின் புகழ் அங்கே ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு வீடே மேலே சரிந்தும் அசையாமல் நிற்கும் மரம்! அதைப் பொறுமைக்கு உதாரணமாக ஊருக்குக் காட்ட வேண்டும் என்று இயக்குநருக்குத் தோன்றிவிட்டது. அவருக்குத் தோன்றினால் போதும், அந்தத் துறையில் எல்லோருக்கும் அதே தோன்றும். அடிமரத்தைச் சுற்றி வட்டமாகச் சிமென்ட் மேடை, அதன்மேல் பளிங்குப் பலகை, திறப்பு விழா என்று முடிவாயிற்று.

மேடை கட்ட அடித்தளம் வேண்டும், அடித்தளத்துக்குப் பள்ளம் வேண்டும். தெருப்பக்கம், மண் மேலெழும்பியிருந்த அதே இடத்தில், கடப்பாரையோடு இறங்கினார்கள். அந்தப் பக்கத்து வேர்கள்தான் மரத்தை இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. இது தெரிய மரத்தைப் பற்றிப் படித்திருக்க வேண்டியதில்லை. கூடாரம் கட்டியவனுக்கும் தெரியும், துணி உலர்த்தக் கொடி கட்டியவளுக்கும் தெரியும். என் மனைவி பள்ளத்துக்குள் குதித்து நின்றாள்.

"சார், வேரை வெட்டாதீங்க! உங்க கால்ல விழறேன் சார்!"

"அம்மா, மேலே வாங்க. பள்ளம் தோண்டினா வேர் வரத்தான் செய்யும்."

"வேரை வெட்டினா மரம் நிக்குமா சார்?"

"மரம்ங்கறது மேலே இருக்கறது" என்று ஸ்டெப்னி பொறுமையாக விளக்கினார். "கீழே இருக்கறது மண்ணு சம்பந்தப்பட்டது. அதுல நாங்க தலையிட மாட்டோம்."

அவள் வெளியே வர மறுத்தாள். இரண்டு பேர் அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கி வாசலில் விட்டார்கள். நான் கட்டிலிலிருந்து கெட்ட வார்த்தையாகத் திட்டினேன். டிப்போவில் கேட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். வெட்டின வேர்களைத் துறை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதுவும் துறைச் சொத்துதான்.

அன்றைக்கு அவள் டாக்டரிடம் ஓடினாள். கட்டில் வேண்டாம், கையிலேயே தூக்கிச் சமையலறைத் தரையில் போட்டுவிடலாமா என்று கேட்டாள். எப்படித் தூக்கினாலும் தகடு விலகும், இன்னும் இரண்டே வாரம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். அவர் தப்பில்லை. அவருக்கு எலும்பைத் தெரியும், எங்கள் மரநலத் துறையைத் தெரியாது. திரும்பி வந்தவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.  மரம் அவ்வப்போது முனகியது.

திறப்பு விழா காலையில் நடந்தது. சிமென்ட் இன்னும் ஈரம் காயவில்லை. தெருவை அடைத்து நாற்காலிகள் போட்டார்கள். முன்வரிசையில் துறைக்காரர்கள், பின்னால் தெருக்காரர்கள். ஒலிபெருக்கி வண்டியை மேடையை ஒட்டி, வழக்கமான நிழலில் நிறுத்தினார்கள். அன்றைக்கு மட்டும் அதன் பதிவுக் குரலை நிறுத்திவிட்டு, இயக்குநரின் மைக்கை அதில் இணைத்திருந்தார்கள். என் ஜன்னலில் பொருத்தமில்லாமல் ஒரு ரிப்பன் வேறு கட்டிவிட்டுப் போயிருந்தான் ஒருவன். என் மனைவி ரவிக்கையில் குத்திய ஊசிகளோடு தையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்றாள். இயக்குநரிடம் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று போயிருந்தாள்.

இயக்குநர் மேடைமேல் ஏறி அடிமரத்தின் பக்கத்தில் நின்றார். ஸ்டெப்னி அவருக்குப் பின்னால் நின்றார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! நமது துறை தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, ஒரே ஒரு மரத்தைக்கூட ஆபத்தான மரம் என்று அறிவித்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

முன்வரிசை கைதட்டியது.

"மரங்கள் விழுகின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். விழுந்த பிறகு அது மரமல்ல, கட்டை. கட்டைகள் நமது துறையின் கீழ் வருவதில்லை. நிற்கும் மரங்களை மட்டும் கணக்கில் எடுத்துப் பாருங்கள். அவற்றில் ஒன்றுகூட விழவில்லை!"

மறுபடியும் கைதட்டல்.

"நோயுள்ள மரம் என்று ஒன்று இல்லை. நோயுள்ள பார்வைதான் உண்டு. ஒரு குடும்பம் இந்த மரத்தைப் பற்றி ஓயாமல் குறை சொன்னது. நாம் கோபப்பட்டோமா? இல்லை. அவர்களுடைய கூரையை நமது ஆட்களைக் கொண்டே, ஒரு உதவியாகக் கழற்றிக் கொடுத்தோம். இந்த மரமோ, அவர்கள் வீடு மேலே சாய்ந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தப் பொறுமையை நம் குழந்தைகள்..."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் கால் முறிந்தால் வருமே, அந்த மாதிரி.

தெருக்காரர்கள் என்ன சத்தம் என்று மேலே பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் நாற்காலியைத் தூக்கிப் பார்த்தார். துறைக்காரர்கள் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. ஓடினார்கள். இயக்குநர் மைக்கோடு மேடையிலிருந்து குதித்தார். வயர் அறுந்தது. ஸ்டெப்னி முதல் தடவையாக அவருக்கு முன்னால் ஓடினார். படக்காரர் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு, உடம்பை நேராக நிமிர்த்திக்கொண்டு ஓடினார். பிளாஸ்டிக் இலை துடைக்கும் ஈரத்துணிக்காரர் ஓடினார். தூங்கிக்கொண்டிருந்த வண்டி ஓட்டுநர் கண்ணைத் திறப்பதற்கு முன்பே வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டார். அத்தனை பேரும் ஒரே பக்கமாக ஓடினார்கள். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரே ஓர் ஆள் மட்டும் அந்தக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கமாக ஓடி வந்தாள்.

"வராதே! போடி, போ!" என்று கத்தினேன்.

"வாயை மூடுங்க!" என்றாள். என் தலைமாட்டில் வந்து விரிப்பின் இரண்டு முனைகளையும் முறுக்கிப் பிடித்து, என்னைக் கட்டிலிலிருந்து தரைக்கு இழுத்தாள். இடுப்பில் ஏதோ கத்திபோல இறங்கியது. நான் அலறினேன். அவள் நிறுத்தவில்லை. சமையலறை வாசலில் இழுத்து, தையல் மிஷினை முதுகால் தள்ளி, இடுக்கில் என்னை இழுத்தாள். என் கால் வாசலைத் தாண்டியதும் வெளிச்சம் போயிற்று. அவள் என்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். சுவர் அதிர்ந்தது. பாத்திரங்கள் எல்லாம் இறங்கின. அதற்குப் பிறகு தூசிதான்.

தூசி அடங்கியதும் பார்த்தேன். முன்னறை இல்லை. கட்டில் இருந்த இடத்தில் அடிமரம் கிடந்தது. அது உள்ளே வெறும் கூடாக இருந்தது. கறுத்துப்போய், மாவு மாவாக, கையால் அள்ளி எறியலாம்போல.  அவள் என் தலையிலிருந்து சிராய்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் ரவிக்கை ஊசிகள் என் தோளில் குத்தியிருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெப்னி கிளைகளைத் தாண்டித் தாண்டி வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. அவரை இயக்குநர்தான் அனுப்பியிருக்க வேண்டும். மற்றவர்கள் தெருவின் அந்தப் பக்கமே நின்றார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா? நல்லவேளை."

என் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. "மரம் நேரா இருக்குன்னு சொன்னீங்க சார்."

"ஆமாம்மா. படத்துல..."

"வீடுதான் மரத்துமேல சாயுதுன்னு சொன்னீங்க."

"அது துறையோட முடிவு."

"வீடு அந்தப் பக்கம் விழும்னா, நீங்க எல்லாரும் இந்தப் பக்கம்தானே ஓடி வந்திருக்கணும்? ஒருத்தர்கூட வரலையே சார். சத்தம் கேட்டதும் யாரும் யாரையும் கேட்கலை, மேலே பார்க்கக்கூட இல்லை. எந்தப் பக்கம் விழும்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கே!"

ஸ்டெப்னி பின்னால் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் தூரத்தில் இருந்தார். மாட்டிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டு மனிதர்களிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

"தெரியும்மா. முதல் நாளே தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனா தெரியும்னு சொல்லிட்டா, அப்புறம் நாங்க ஏதாவது செய்யணுமேம்மா!"

அதை எங்களுக்குப் புரியும் என்று நம்பித்தான் சொன்னார். அந்த ஆள் முகத்தில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. எழுந்து ஓர் அறை விட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது. எழ முடியாது. எழ முடிந்தவள் எழுந்தாள். அறையவில்லை. என் விரிப்பின் ஒரு முனையைச் சுருட்டி அவர் கையில் திணித்தாள்.

"பிடிங்க."

"என்னம்மா இது? இருங்க, ஆளைக் கூப்பிடறேன்."

"ஆள் வேண்டாம். நீங்க பிடிங்க. வேரும் மேடையும் பேர்ந்து தெருவை அடைச்சுக் கிடக்கு. ஆம்புலன்ஸ் தெருமுனையிலதான் நிக்கும். இவரை அதுவரைக்கும் தூக்கணும்."

மற்ற முனைகளை எதிர்வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் பிடித்தார்கள். ஸ்டெப்னி அக்கம்பக்கம் பார்த்தார். தெரு முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் குனிந்தார். தூக்கினார். கிளைகளின் மேல் ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுங்காலோடும், மூச்சு வாங்க, நெற்றி நரம்பு புடைக்க நடந்தார். கொஞ்சம் கீழே வைத்துக்கொள்ளலாமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். தெருமுனைவரை என் மனைவி அவரை ஒரு இடத்தில்கூட வைக்கவிடவில்லை. நான் தடித்த உடம்புக்காரன். அன்றைக்கு என்னால் எவ்வளவு கனக்க முடியுமோ, அவ்வளவு கனத்துக் கிடந்தேன்.